தடித்த டயரும் உப்புக் காற்றும்

கோவளத்தில் ஒரு பிப்ரவரி விடியற்காலை. மைத்துனர் புதிதாக வாங்கியிருந்த சைக்கிளை இரவல் வாங்கிக்கொண்டு கடற்கரைக்குப் போயிருந்தேன். நான்கு அங்குல அகலத்தில் டயர், ஓட்டுபவரை நோக்கி வளைந்து வரும் நீளமான ஹேண்டில்பார், சாய்ந்து உட்காரத் தோதான அகல இருக்கை. கடையில் இந்த வகையை ‘ஃபேட் டயர் க்ரூசர்’ என்கிறார்கள். மணலில் ஓட்டுவதற்கென்றே செய்தது என்று சொல்லித்தான் விற்றிருந்தார்கள். தார்ச்சாலை முடிந்து மணல் தொடங்கிய இடத்திலிருந்து பத்து மிதிகூடப் போயிருக்க மாட்டேன். முன்சக்கரம் ஒரு பக்கமாகத் திரும்பிப் புதைந்து நின்றது. நிமிர்த்தி மறுபடி ஏறினேன். மறுபடி புதைந்தது.

வலையைப் பிரித்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் எழுந்து வந்து டயரைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தார். “கல்லு மாதிரி இருக்கே தம்பி. பாதிக் காத்த எறக்கு. வண்டி மணல்ல மாட்டுனா டிரைவருங்க மொதல்ல அதத்தான் செய்வாங்க” என்றார். வரும் வழியில் பஞ்சர் கடையில் காற்றடித்திருந்தேன். இவ்வளவு பெரிய டயர் குறைந்த காற்றில் தாங்காதே என்ற அக்கறையில் கடைக்காரர் முப்பது பவுண்டு ஏற்றிவிட்டிருந்தார். வால்வை அழுத்தி, டயரின் பக்கவாட்டில் விரல் அமுங்கும்வரை காற்றை இறக்கினேன். அதே மணலில் சைக்கிள் ஓடத் தொடங்கியது. மெதுவாகத்தான், மூச்சு வாங்கத்தான். ஆனாலும் ஓடியது.

சைக்கிள் அதேதான், ஆள் அதே ஆள்தான். மாறியது டயருக்குள் இருந்த காற்று மட்டுமே. கடலோரத்தில் ஓட்ட சைக்கிள் தேடுபவர்கள் டயரின் அகலத்தைத்தான் முதலில் பார்க்கிறார்கள். அகலத்துக்குப் பின்னால் இருக்கும் காற்றழுத்தத்தைப் பார்க்கத் தொடங்கினால், எதை வாங்குவது என்ற கேள்வியே வேறு மாதிரி ஆகிவிடுகிறது.

ஒரு சின்னக் கணக்கு. ஓட்டுபவர் 70 கிலோ, சைக்கிள் 18 கிலோ, மொத்தம் 88. க்ரூசரில் நிமிர்ந்து, சற்றே பின்னால் சாய்ந்து உட்காருவதால் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு பாரம் பின்சக்கரத்தில் இறங்கும். 58 கிலோ என்று வைத்துக்கொள்வோம். டயருக்குள் இருக்கும் காற்றுதான் அந்தப் பாரத்தைச் சுமக்கிறது. ஆகவே பாரத்தை அழுத்தத்தால் வகுத்தால், டயர் தரையைத் தொடும் பரப்பு தோராயமாகக் கிடைத்துவிடும். டயரின் ரப்பர் சுவரும் கொஞ்சம் தாங்கும் என்பதால் இது துல்லியமான எண் ஆகாது. நம் தேவைக்குப் போதும். 45 பவுண்டு, அதாவது சதுர சென்டிமீட்டருக்கு 3.2 கிலோ அழுத்தம் என்றால், தொடும் பரப்பு 18 சதுர சென்டிமீட்டர். ஒரு தீப்பெட்டியின் மேற்பக்கம் அவ்வளவுதான். அந்தத் தீப்பெட்டியின் மேல் 58 கிலோவும் நிற்கிறது. 30 பவுண்டில் அது ஒன்றரைத் தீப்பெட்டி. 8 பவுண்டுக்கு இறக்கினால் 100 சதுர சென்டிமீட்டரைத் தாண்டிவிடும், ஒரு கைப்பேசியின் பரப்பளவு.

இதை மனிதப் பாதத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தபோது எனக்கு வியப்பாக இருந்தது. 70 கிலோ எடையுள்ள ஒருவர் நடக்கும்போது ஒற்றைக் காலில் நிற்கும் கணத்தில், 150 சதுர சென்டிமீட்டர் அளவுள்ள பாதம் மணலில் கொடுக்கும் அழுத்தம் ஆறேழு பவுண்டு. வெறுங்காலால் நடக்கும்போது கணுக்கால்வரை புதையாத மணல், 8 பவுண்டு டயரையும் ஏறத்தாழ அப்படியே தாங்கும். கடற்கரையில் சைக்கிளை இறக்குமுன் செருப்பைக் கழற்றி நாலடி நடந்து பார்ப்பதை நான் வழக்கமாக்கிக்கொண்டது இதனால்தான்.

அப்படியானால் சாதாரண சைக்கிளின் மெல்லிய டயரிலும் காற்றை இறக்கினால் போதாதா? இறக்கலாம். ஆனால் ஒரு சின்னப் பள்ளத்தில் இறங்கியதும் ரிம் தரையைத் தொட்டு, நடுவில் சிக்கிய டியூபைப் பாம்பு கடித்தது போல் இரண்டு ஓட்டையாகக் கிழித்துவிடும். குறைந்த அழுத்தத்தில் ரிம்முக்கும் தரைக்கும் இடையே போதிய இடைவெளி வேண்டும் என்றால் டயர் உயரமாக இருக்க வேண்டும், உயரமான டயர் அகலமாகவும் இருந்தாக வேண்டும். காற்றைக் குறைத்துக்கொள்ளக் கிடைக்கும் அனுமதிதான் டயரின் அகலம். அனுமதியை வாங்கி வைத்துக்கொண்டு முப்பது பவுண்டு அடித்தால், நான்கு அங்குல டயர் கோவளத்தில் எனக்குச் செய்ததைத்தான் செய்யும்.

இந்த டயரின் வரலாறும் அழுத்தத்தின் வரலாறுதான். ஜான் பாய்ட் டன்லப் பெல்ஃபாஸ்டில் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை பெற்றது 1888இல். அடுத்த நாற்பது ஆண்டுகளில் கார் டயர்கள் தடித்து, காற்று குறைந்து, மென்மையாயின. சிகாகோவின் ஷ்வின் நிறுவனம் 1933இல் அதே யோசனையைச் சைக்கிளுக்குக் கொண்டுவந்தது. ஃபிராங்க் ஷ்வின் போட்ட அந்த டயரின் அகலம் இரண்டேகால் அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு, 2.125. பலூன் டயர் என்று பெயர். பெரும் பொருளாதார மந்தத்தின் நடுவே, எதில் ஏற்றி இறக்கினாலும் உடையாத சைக்கிளாக அமெரிக்கச் சிறுவர்களிடம் அது பரவியது. பின்னால் இலேசான, கியர் வைத்த சைக்கிள்கள் வந்ததும் வழக்கொழிந்து, பழைய சாமான் கடைகளில் சேர்ந்தது. கலிஃபோர்னியாவில் அலைச்சறுக்குப் பலகையைத் தூக்கிக்கொண்டு கடற்கரைக்குப் போகும் இளைஞர்கள் அவற்றை அடிமாட்டு விலைக்கு வாங்கி ஓட்டினார்கள். 1970களின் நடுவில் நியூபோர்ட் பீச்சில் கடை வைத்திருந்த லாரி மெக்நீலி அந்த மாதிரியில் புதுச் சைக்கிள்கள் செய்து ‘பீச் க்ரூசர்’ என்ற பெயரில் விற்றார். அதே காலத்தில், அதே மாநிலத்தின் வடக்கே டமல்பாயஸ் மலைச்சரிவில் வேறு சில இளைஞர்கள் இதே பழைய ஷ்வின்களை உருட்டிக்கொண்டு இறங்கினார்கள். அதிலிருந்து மவுண்டன் பைக் பிறந்தது. இருவகைச் சைக்கிளும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்பதால் ரிம் அளவும் ஒன்றே: 559 மில்லிமீட்டர். இது வெறும் வரலாறு இல்லை, கடையில் உதவும் தகவல். டயரின் பக்கவாட்டில் 57-559 என்பது போன்ற எண் பொறித்திருக்கும். நம் ஊரில் 26 அங்குலம் என்று விற்கும் சில பழைய மாதிரிச் சைக்கிள்களின் ரிம் 590. பெயர் 26 என்று ஒன்றாக இருந்தாலும் ஒன்றின் டயர் மற்றதில் ஏறாது. 559 என்றால் மவுண்டன் பைக் டயர் விற்கும் எந்தக் கடையிலும் மாற்று டயர் கிடைக்கும்.

நான்கு அங்குல டயர் வேறொரு வம்சம். அது அலாஸ்காவின் பனியிலும் நியூ மெக்சிகோவின் மணலிலும் வளர்ந்தது. அலாஸ்காவில் 1987இல் நாய்வண்டித் தடத்தில் சைக்கிள் பந்தயம் தொடங்கியபோது, ஓட்டியவர்கள் இரண்டு ரிம்களை ஒட்டவைத்து அகலமாக்கிப் பார்த்தார்கள். நியூ மெக்சிகோவில் ரே மோலினா வறண்ட ஆற்று மணலில் ஓட்டுவதற்காக 82 மில்லிமீட்டர் ரிம்மும் மூன்றரை அங்குல டயரும் செய்வித்தார். 2005இல் சர்லி நிறுவனத்தின் பக்ஸ்லி 3.7 அங்குல டயரோடு வந்தபின் இந்த வகை கடைகளுக்குள் நுழைந்தது. இந்த வம்சத்தின் டயரை க்ரூசர் உடம்பில் பொருத்தினால் கிடைப்பதுதான் என் மைத்துனரின் சைக்கிள்.

இனி மணலுக்கு வருவோம். எல்லா மணலும் ஒன்றல்ல. ஒரே கடற்கரையில் பத்தடி தள்ளினால்கூட வேறு மணல்.

உலர்ந்த மணலில் துகள்களை ஒன்றோடொன்று பிடித்து வைப்பது உராய்வு மட்டுமே. சக்கரம் அமுக்கியதும் அவை பக்கவாட்டில் வழிகின்றன, முன்னால் ஒரு சின்ன மேடாகக் குவிகின்றன. சமதளத்தில் ஓட்டினாலும் சக்கரம் ஓயாமல் ஒரு மேட்டில் ஏறிக்கொண்டே இருக்கிறது. உலர்மணலில் பத்து நிமிடம் ஓட்டினால் மேம்பாலம் ஏறியது போல் தொடை வலிப்பது அதனால்தான். ஹேண்டிலைத் திருப்பினால் இன்னும் மோசம், முன்சக்கரம் கலப்பை போல உழும். உடம்பைச் சாய்த்துத்தான் திரும்ப வேண்டும்.

கொஞ்சம் ஈரம் சேர்ந்தால் கதை மாறுகிறது. இரண்டு துகள்களுக்கு நடுவே நிற்கும் நீர்த்துளி, பரப்பு இழுவிசையால் இரண்டையும் இழுத்துப் பிடிக்கிறது. குழந்தைகள் மணல் வீடு கட்டுவது இந்த நுண்ணிய நீர்ப் பாலங்களை நம்பித்தான். ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தில் டேனியல் பான் குழுவினர் 2014இல் வெளியிட்ட ஆய்வில், மணலில் சரியான அளவு நீர் சேர்ந்தால் அதன் மேல் சறுக்குவண்டியை இழுக்கத் தேவைப்படும் விசை உலர்மணலில் தேவைப்படுவதில் பாதியாகிவிடுகிறது என்று அளந்து காட்டினார்கள். பழைய எகிப்தில் ஜெகுதிகோதெப்பின் கல்லறைச் சுவரில், மாபெரும் சிலையை ஏற்றிய சறுக்குவண்டிக்கு முன்னால் ஒருவர் மணலில் நீர் ஊற்றும் காட்சி இருக்கிறது. சடங்கு என்று பலகாலம் கருதப்பட்ட அந்தச் செயலுக்குப் பின்னால் இயற்பியல் இருப்பதை இந்த அளவீடு காட்டியது. அதே ஆய்வில், நீர் அளவுக்கு மிஞ்சினால் பயன் தேய்ந்துவிடுவதும் தெரிந்தது. துகள்களுக்கு இடையிலான வெளி முழுவதும் நீர் நிரம்பினால் இழுத்துப் பிடிக்கப் பரப்பே இல்லாமல் போகிறது.

கடற்கரையில் இதைக் கண்ணாலேயே படிக்கலாம். அலை இறங்கியதும் கண்ணாடி போல மின்னும் பகுதியில் மணல் நிறைய நீர் குடித்திருக்கிறது. அதற்கு மேலே, மின்னாமல் கருமையாகத் தெரியும் பட்டைதான் சைக்கிளுக்கான பாதை. அதற்கும் மேலே வெளிறிய உலர்மணல். மின்னும் மணலில் ஓட்டவே முடியாது என்றில்லை, உருண்டுகொண்டே இருக்கும்வரை தாங்கும், நின்றால் இறங்கும். ஈர மணலில் காலை ஊன்றியதும் பாதத்தைச் சுற்றி ஒரு கணம் வெளிறிப்போவதைப் பார்த்திருப்பீர்கள். 1885இல் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் அதற்கு விளக்கம் தந்தார். நெருங்கி அடுக்கியிருக்கும் துகள்கள் நகர வேண்டுமானால் முதலில் ஒன்றையொன்று விலக்கி இடம் பெருக்க வேண்டும். பெருகிய இடத்துக்குள் மேற்பரப்பு நீர் உறிஞ்சப்படுகிறது. அந்தக் கணத்தில் மணல் இறுகுகிறது. உருளும் சக்கரம் அந்தக் கணத்துக்குள் கடந்துபோய்விடுகிறது.

துகளின் பருமனும் பெரிய விஷயம். மணல் நுண்ணியதாக இருந்தால் நீர்ப் பாலங்களின் எண்ணிக்கையும் பிடியும் கூடும். நுண்மணல் கடற்கரைகள் பொதுவாகச் சரிவு குறைந்து விரிந்து கிடப்பதால் ஈரப்பட்டையும் அகலமாக இருக்கும். கேரளத்தில் கண்ணூர் அருகே முழப்பிலங்காடு கடற்கரையில் காரையே ஓட்டுகிறார்கள். அமெரிக்காவின் டேட்டோனா கடற்கரையில் மால்கம் கேம்பெல் 1935இல் மணிக்கு 445 கிலோமீட்டர் வேகம் தொட்டதும் இப்படிப்பட்ட மணலில்தான். சென்னைக் கடற்கரையில் மணல் பருமன் கூடியது, அலையோரம் சரிவானது, ஏற்றவற்றமும் ஒரு மீட்டர் அளவே. நம் கருமைப்பட்டை பல இடங்களில் நாலைந்து அடிதான், அதுவும் ஒரு பக்கம் சாய்ந்தபடி. இங்கே மணலில் மணிக்கணக்காக ஓட்டலாம் என்று நம்பிச் சைக்கிள் வாங்குவது ஏமாற்றத்தில் முடியும்.

ஆகவே நான்கு அங்குலமா, இரண்டேகாலா என்று கேட்கும் நண்பர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றே: வாரத்தில் எத்தனை கிலோமீட்டர் உலர்மணலில் ஓட்டப்போகிறீர்கள்? பெசன்ட் நகர் கடற்கரைச் சாலை, கிழக்குக் கடற்கரைச் சாலை, புதுச்சேரியின் கடற்கரைச் சாலை, 2017இல் திறந்த அரிச்சல்முனைச் சாலை எல்லாமே தார் அல்லது கல். நடுநடுவே காற்று அள்ளிப்போட்ட மணல். இதற்கு 2.1 முதல் 2.4 அங்குலம் வரையுள்ள பலூன் டயர் தாராளம். 20 பவுண்டில் அது நாற்பது சதுர சென்டிமீட்டர் தொடும், ஈரப்பட்டைக்கு அது போதும். நான்கு அங்குல டயரைச் சாலையில் 8 பவுண்டில் ஓட்டினால் ஒவ்வொரு சுற்றிலும் ரப்பர் மடங்கி விரிந்து நம் உழைப்பைச் சூடாக மாற்றி வீணடிக்கும். திருப்பங்களில் ஹேண்டில் தானாக இழுக்கும். சரி, சாலைக்கு வந்ததும் காற்றடித்துக்கொள்ளலாமே என்றால், அந்த டயரின் கொள்ளளவு சுமார் 15 லிட்டர். 8 பவுண்டிலிருந்து 18க்கு ஏற்ற, கையடக்கப் பம்பில் நூற்றைம்பது முறைக்கு மேல் அடிக்க வேண்டும், அதுவும் ஒரு டயருக்கு. பெடல்களுக்கு இடையிலான தூரமும் கூடுதலாக இருப்பதால் சிலருக்கு முழங்கால் வலிக்கும். சக்கரத்தின் மையமான ஹப், பெடல் அச்சைத் தாங்கும் பாட்டம் பிராக்கெட் எல்லாம் தனி அளவு என்பதால் பழுதானால் தெருமுனைக் கடையில் உதிரி கிடைப்பதும் கடினம். உண்மையிலேயே உலர்மணலில் இறங்குபவருக்கு நான்கு அங்குலத்துக்கு மாற்று இல்லை. அவர் இவற்றையெல்லாம் பொறுத்துக்கொண்டுதான் ஆக வேண்டும்.

காற்று அடுத்த எதிராளி. கோடையில் நிலம் சூடேறியபின் நண்பகலை ஒட்டிச் சென்னையில் கடற்காற்று புகுகிறது. தென்கடலோரத்தில் ஆடி மாதக் கச்சான் காற்று எழுந்தால் அரிச்சல்முனைச் சாலையில் சைக்கிள் பக்கவாட்டில் தள்ளாடும். க்ரூசரில் நாம் நிமிர்ந்து, கைகளை விரித்து, பாய்மரம் போல உட்கார்ந்திருக்கிறோம். காற்றின் தடை சார்வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடுகிறது. மணிக்கு 15 கிலோமீட்டரில் போகும்போது 20 கிலோமீட்டர் எதிர்க்காற்று வீசினால் நம்மைத் தாக்குவது 35. தடை ஐந்தரை மடங்கு ஆகிவிடும். காற்றில்லாத நேரத்தில் தடையை வெல்ல 28 வாட் போதுமென்றால் இப்போது 150 வாட் வேண்டும். பழக்கமில்லாத ஒருவர் தொடர்ந்து தரக்கூடியது நூறு வாட் அளவுதான். வேகத்தைப் பத்துக்குக் குறைத்தால் காற்றுக்கு 75 வாட் போதும். ஆனால் கியர் இல்லாத க்ரூசரில் ஒரு மிதிச்சுற்றுக்குச் சைக்கிள் ஐந்து மீட்டர் போகிறது. பத்து கிலோமீட்டர் வேகத்தில் நிமிடத்துக்கு 33 சுற்று மட்டுமே மிதிப்போம், ஒவ்வொரு மிதியும் மாடிப்படி ஏறுவது போல முழங்காலை இறுக்கும்.

மூன்று கியரே இதற்குப் பெரிய ஆறுதல். பின்சக்கர ஹப்புக்குள்ளேயே கியர் வைத்த வகையில் முதல் கியர், நேர் கியரின் முக்கால் பங்கு. பின்பல்லை 18 பல்லிலிருந்து 22 பல்லுக்கு மாற்றினால் அதே பத்து கிலோமீட்டருக்கு நிமிடத்துக்கு 55 சுற்று கிடைக்கும், கால் இயல்பாகச் சுழலும். மாற்றுவதற்குச் சில நூறு ரூபாய். இன்னொரு பழக்கமும் உதவும்: போகும்போது எதிர்க்காற்றில் போய், களைத்துத் திரும்பும்போது காற்றை முதுகில் வாங்கிக்கொள்வது.

இவை எல்லாவற்றையும்விட நான் அதிகம் கவலைப்படுவது உப்பைப் பற்றித்தான். மணல் நாம் இறங்கும்போது மட்டும் எதிர்க்கிறது. உப்போ சைக்கிள் வீட்டுத் தாழ்வாரத்தில் சும்மா நிற்கும்போதும் வேலை செய்கிறது.

அலை உடையும்போது எழும் நுரைக் குமிழிகள் வெடித்து நுண்துளிகளாகக் காற்றில் ஏறுகின்றன. கரையிலிருந்து சில நூறு மீட்டருக்குள் அவற்றில் பெரும்பகுதி படிந்துவிடுகிறது. நீர் ஆவியானபின் எஞ்சும் உப்பு உலர்ந்துவிட்டது என்று நாம் நினைக்கிறோம். ஆனால் சமையல் உப்பு காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டினால் தானே நீரை இழுத்துக் கரைந்துவிடும். கடலோரத்தில் பெரும்பாலான இரவுகளில் ஈரப்பதம் அதற்கு மேல். கடல் உப்பில் கலந்திருக்கும் மெக்னீசியம் குளோரைடுக்கோ 33 விழுக்காடே போதும். அதாவது, கழுவாத சைக்கிளின் மேல் உப்பு ஏறத்தாழ எப்போதும் ஈரமாகவே இருக்கிறது. நம் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய உப்புநீர்ப் படலம் அது. மின்னோட்டம் அதில் எளிதாகப் பாயும், குளோரைடு அயனிகள் உலோகத்தின் காப்புப் படலத்தைத் துளைக்கும். இரும்பு துருவாக வேறென்ன வேண்டும்? 1914இல் திறந்த பழைய பாம்பன் ரயில் பாலத்தைக் காப்பாற்ற ஒரு நூற்றாண்டு பூச்சு மேல் பூச்சாகப் போராடினார்கள். 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்தில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளும் பாலிசிலோக்சேன் பூச்சும் வந்ததற்குக் காரணம் இந்தப் படலமே.

சைக்கிளில் முதலில் போவது குரோம் பூசிய இரும்பு ரிம். பளபளவென்று கண்ணைப் பறிக்கும், ஆனால் பூச்சில் ஊசிமுனை அளவு துளை இருந்தாலும் அடியில் இருக்கும் இரும்பு அந்த ஒரே இடத்தில் அரிக்கத் தொடங்கும். சில மாதங்களில் பூச்சு கொப்புளமாகக் கிளம்பும். அலுமினிய ரிம் அப்படியில்லை. காற்றுப் பட்டதும் அதன் மேல் உருவாகும் ஆக்சைடு படலம் காக்கிறது. குளோரைடு அதிலும் சிறு குழிகள் போடும், இருந்தாலும் பல ஆண்டு தாங்கும். அலுமினிய ஃபிரேமும் அப்படியே. இரும்பு ஃபிரேம் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், அது வலுவானது, வெல்டிங் வைத்துச் சரிசெய்யலாம். ஆனால் அதற்கு ஆபத்து உள்ளே இருக்கிறது. சீட்டுக் குழாய் வழியாக இறங்கும் உப்புநீர் பாட்டம் பிராக்கெட் அருகே தேங்கி உள்ளிருந்து தின்னும். வாங்கியவுடன் சீட் போஸ்ட்டை உருவி, குழாயின் உட்சுவரில் துருத்தடுப்பு எண்ணெயைப் பீய்ச்சச் சொல்லுங்கள். அப்படியே சீட் போஸ்ட்டுக்கு கிரீஸும் தடவச் சொல்லுங்கள். இரும்புக் குழாய்க்குள் அலுமினிய சீட் போஸ்ட் உப்புநீரோடு சேர்ந்தால் அது ஒரு மின்கலம். அலுமினியம் கரைந்து வெண்தூளாகி இரண்டையும் ஒட்டிவிடும். ஒட்டிய போஸ்ட்டை ரம்பத்தால் அறுத்து எடுத்ததை நான் பார்த்திருக்கிறேன்.

கடைக்குப் போகும்போது சட்டைப்பையில் ஒரு சின்னக் காந்தம் கொண்டுபோவேன். ரிம்மில் ஒட்டினால் குரோம் பூசிய இரும்பு, ஒட்டாவிட்டால் அலுமினியம். போல்ட்டிலும் சக்கரக் கம்பியிலும் ‘டப்’பென்று ஒட்டினால் சாதாரண எஃகு என்று சந்தேகிக்கலாம். நல்ல துருப்பிடிக்காத எஃகில் ஒட்டாது அல்லது மெல்ல இழுக்கும். சக்கரக் கம்பிகள் துருப்பிடிக்காத எஃகாக இருக்க வேண்டும் என்பதில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை. கம்பி ஒன்று அறுந்தால் சக்கரம் கோணும், ஊர் திரும்பும் வழியில் அது பெரிய தொல்லை.

செயின் தனிக் கதை. கடற்கரை மணலில் பெரும்பகுதி குவார்ட்ஸ். கடினத்தில் அது சாதாரண எஃகை விஞ்சும். எண்ணெயில் ஒட்டிய மணல், செயினின் ஒவ்வொரு பின்னுக்குள்ளும் அரம் போட்டது போல் தேய்க்கும். எண்ணெய் நிறையப் போட்டால் நல்லது என்ற நம்பிக்கை கடலோரத்தில் எதிர்மாறாகிவிடுகிறது. மெழுகு கலந்த மசகு போட்டால் மணல் அவ்வளவாக ஒட்டாது. ஆனால் அதைவிட எளிய தீர்வு நம் தாத்தாக்களின் சைக்கிளிலேயே இருந்தது: முழுச் செயின் கவர். 1949இல் சென்னையில் தொடங்கிய டி.ஐ. நிறுவனம் அம்பத்தூரில் செய்த ஹெர்குலிஸ்களில் பலவும் செயினை மூடியே ஓடின. இன்று க்ரூசரின் அழகுக்காகச் செயினைத் திறந்து போடுகிறார்கள். கவர் உள்ள மாதிரியாகப் பார்த்து வாங்குவதே நல்லது. இதே காரணத்துக்காகத்தான், பின்பல்லுக்கு வெளியே தொங்கும் டெரெய்லியரை விட ஹப்புக்குள் மூடிய கியரையும், ஹப்புக்குள்ளேயே அமைந்த பிரேக்கையும் கடலோரத்துக்கு நான் சொல்வேன். 1902இல் நாட்டிங்காமில் ஸ்டர்மி-ஆர்ச்சர் முதல் மூன்று கியர் ஹப்பைச் செய்தபோது கடற்கரையை நினைத்திருக்க மாட்டார்கள். கடற்கரைக்கு அதைவிடப் பொருத்தமான கருவியை நான் இதுவரை பார்க்கவில்லை.

கடைசியில் நான் வாங்கியது 2.35 அங்குல டயர், அலுமினிய ஃபிரேமும் ரிம்மும், ஹப்புக்குள் மூன்று கியர், செயின் கவர். மைத்துனர் தன் நான்கு அங்குலத்தை வைத்துக்கொண்டார், அவருக்கு உலர்மணலில் இறங்குவதில்தான் மகிழ்ச்சி. இருவருமே திரும்பியதும் ஒரு வாளி நல்ல தண்ணீரைச் சைக்கிள் மேல் மெல்ல ஊற்றுகிறோம். பீய்ச்சி அடித்தால் பேரிங்குக்குள் உப்பும் மணலும் புகும். பிறகு துணியால் துடைத்து வெயிலில் நிறுத்துகிறோம்.

மணலில் எங்கே ஓட்டக்கூடாது என்பதும் தேர்வின் ஒரு பகுதியே. அடப்பங்கொடியும் இராவணன் மீசையும் படர்ந்த மேடுகள் கரையைப் பிடித்து வைத்திருப்பவை, அவற்றின் மேல் எந்த டயரும் ஏறக் கூடாது. ஜனவரி முதல் பங்குனி ஆமைகள் கரையேறி, அலை எட்டாத உயரத்தில் ஒன்றரை அடி ஆழத்தில் முட்டையிடுகின்றன. நாற்பத்தைந்து நாள் கழிந்து வெளிவரும் குஞ்சுகளுக்கு டயர் போட்ட பள்ளமே தாண்ட முடியாத வாய்க்கால். 1988லிருந்து சென்னையில் மாணவர்கள் இரவு நடை நடந்து இந்த முட்டைகளைக் காத்து வருகிறார்கள். அந்த மாதங்களில் கருமைப்பட்டையை விட்டு நான் மேலேறுவதில்லை.

போன மார்ச்சில் ஒரு காலை, என் பாதையின் குறுக்கே ஓர் ஆமைத் தடம் கிடந்தது. நாற்பது கிலோ உடம்பை ஆமை வயிற்றோட்டில் பரப்பி இழுத்துப் போயிருந்தது. என் டயர் தடத்தைப் போலப் பத்து மடங்கு அகலம். ஆழம் ஒரு விரல்கூட இல்லை. சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு தாண்டி, அந்தப் பக்கம் இறக்கிவைத்து ஏறினேன்.